முட்டைக் கணக்கு உதைக்கிறதே: மீன்குஞ்சு பிழைப்பது தாயாலா, தண்ணீராலா?

நெய்தல் | செவ்வாய், இரவு 9.14

ஒரு வாரமாக ஒரே கணக்கு மண்டையைக் குடைகிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

வட அட்லாண்டிக்கின் காட் மீன் பெரிதாக இருந்தால் ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டை இடும். ஆயுள் முழுக்க அவள் இட்ட அத்தனையிலும் இரண்டே இரண்டு வளர்ந்து ஆளானால் போதும், இனம் அப்படியே நிற்கும். நான்கு பிழைத்தால் அடுத்த தலைமுறை இரட்டிப்பு. ஒன்றுதான் தேறியது என்றால் பாதி. ஒரு துறைமுகம் செழிப்பதும் வெறிச்சோடுவதும் இந்த ஒன்றிரண்டில்தான் இருக்கிறது. அந்த ஒன்றிரண்டு எப்படித் தேறுகிறது?

நார்வேக்காரர் யோஹான் யோர்ட் 1914இல் ஒரு பதில் சொன்னார். மீன் செதிலில் உள்ள வளையங்களை எண்ணி வயது பார்த்தபோது, 1904இல் பிறந்த ஹெர்ரிங் கூட்டமே ஆண்டுக்கணக்கில் வலைகளை நிரப்பிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவை பேருக்குத்தான் இருந்தன. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குத் தாய் கொடுத்தனுப்பிய மஞ்சள்கரு சில நாள்தான் வரும். அந்தக் கட்டுச்சோறு தீர்ந்து முதன்முதலாக வாய் திறந்து இரை தேடும்போது கடலில் இரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆண்டுக் கூட்டமே போயிற்று என்பது அவர் கருத்து.

அதற்குப் பிறகு வெகுகாலம் எல்லோரும் தண்ணீரையே அளந்தார்கள். கட்டுச்சோற்றைக் கட்டியவள் யார் என்று கேட்டவர்கள் குறைவு. 2004இல் ஸ்டீவன் பெர்க்லியும் அவரோடு இரண்டு பேரும் கேட்டார்கள். அமெரிக்க மேற்குக் கரையின் கருப்பு ராக்ஃபிஷ் தாய்களைத் தொட்டியில் வைத்து, ஒவ்வொருத்தியின் குஞ்சுகளையும் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார்கள். மூத்த தாயின் குஞ்சு இளம் தாயின் குஞ்சைவிட மூன்று மடங்குக்கும் அதிக வேகத்தில் வளர்ந்தது. பட்டினி போட்டால் இரண்டு மடங்குக்கும் அதிக நாள் தாங்கியது. வித்தியாசம் குஞ்சுக்குள் இருக்கும் எண்ணெய்த் துளியில். மூத்தவள் துளியைப் பெரிதாக வைத்து அனுப்புகிறாள்.

என் கட்சி இதுதான்: தாயை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் அளப்பது பாதிக் கணக்கு. மறுப்பவர்கள் வாருங்கள்.

கரைவலை | செவ்வாய், இரவு 9.52

ராக்ஃபிஷ் என்றால் நம் பாரையா? அப்படியானால் எனக்கும் கொஞ்சம் தெரியும், பேசலாம்.

இன்னொன்று, மீனின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏலக்கூடத்தில் நாங்கள் எடையைத்தான் பார்ப்போம். சினையோடு இருந்தால் சிலர் ஆசையாகக் கூடுதல் விலை கேட்பார்கள். தாய்மீனுக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

நெய்தல் | செவ்வாய், இரவு 10.05

இல்லை அண்ணா, அது பாரை அல்ல. தேள்மீனுக்கு உறவு. முதுகில் முள், முறைக்கிற கண், பாறை இடுக்கில் வாசம். இதில் தாய் முட்டையை வயிற்றிலேயே வைத்திருந்து, குளிர்காலத்தில் லட்சக்கணக்கில் உயிருள்ள குஞ்சுகளாக வெளியே விடுவாள்.

வயதுக்குக் காதுக்கல். கத்தாளைத் தலையை உடைத்தால் இரண்டு வெள்ளைக் கல் விழுமே, அதுதான். எல்லா எலும்பு மீனுக்கும் உண்டு, கத்தாளைக்குக் கொஞ்சம் பெரிது. அதை மெல்லியதாக அறுத்துப் பார்த்தால் மரத்தில் இருப்பதுபோல ஆண்டு வளையங்கள் தெரியும். அலாஸ்கா பக்கத்து ராக்ஃபிஷ் இனம் ஒன்றில் 200 வயதைத் தாண்டியவையும் கிடைத்திருக்கின்றன. வெள்ளைக்காரன் சென்னையில் கோட்டை வைத்திருந்த காலத்தில் பிறந்த மீன், போன தலைமுறையில் வலையில் ஏறியிருக்கிறது.

சந்தேகி | செவ்வாய், இரவு 10.41

தொட்டியில் நடந்ததை வைத்துக் கடலுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். தொட்டியில் குஞ்சைத் தின்ன வரும் மீன் இல்லை, புயல் இல்லை, நீரோட்டம் இல்லை. கட்டுச்சோறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போகிற ஊரில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்க வேண்டும்.

1970களில் ரூபன் லாஸ்கர் தெற்குக் கலிஃபோர்னியாக் கரையில் செய்த வேலையைப் பாருங்கள். ஆய்வகத்தில் பொரித்த நெத்திலிக் குஞ்சுகளைப் படகிலேயே கொண்டுபோனார். கடலின் வெவ்வேறு ஆழங்களிலிருந்து தண்ணீர் எடுத்து அதில் குஞ்சுகளை விட்டார். மேல்மட்டத் தண்ணீரில் விட்டவற்றுக்கு வயிறு காலி. சற்று ஆழத்தில் நுண்பாசி அடர்ந்து படிந்திருந்த அடுக்கிலிருந்து எடுத்த தண்ணீரில் விட்டவற்றுக்கு வயிறு நிறைந்தது. பிறகு ஒரு புயல் வந்து கடலைக் கலக்கியது. பாசி எங்கும் போய்விடவில்லை, அதே கடலில்தான் இருந்தது. அடர்த்திதான் போயிற்று. அதே இடத்துத் தண்ணீரில் குஞ்சுகள் இரை எடுக்கவில்லை. மில்லிலிட்டருக்கு 20 முதல் 40 இரைத் துகளாவது இல்லாவிட்டால் அந்தக் கண்ணுக்கும் வாய்க்கும் எட்டுவதில்லை.

குழம்பை ஏரியில் ஊற்றிவிட்டு ஊரையே சாப்பிடக் கூப்பிட்டதுபோல. இதில் மூத்த தாய் என்ன செய்வாள்?

தவிர, பெர்க்லி பார்த்த விளைவு எல்லா ராக்ஃபிஷ் இனத்திலும் ஒரே அளவில் இல்லை. பிறகு பல இனங்களை ஒப்பிட்டபோது சிலவற்றில் பலமாகவும் சிலவற்றில் மங்கலாகவும் இருந்தது. அதையும் சொல்லியிருக்கலாம் நீங்கள்.

நெய்தல் | செவ்வாய், இரவு 11.20

குட்டு வாங்கிக்கொள்கிறேன், சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் புயலுக்கே தாயிடம் ஒரு பதில் இருக்கிறது. கருப்பு ராக்ஃபிஷில் மூத்தவர்கள் பருவத்தின் தொடக்கத்திலேயே குஞ்சு விடுகிறார்கள், இளையவர்கள் பின்னால் வருகிறார்கள். எல்லா வயதுத் தாயும் கடலில் இருந்தால் குஞ்சு விடும் காலம் நீள்கிறது. ஒரு வாரப் புயல் எல்லோர் பிள்ளையையும் கொண்டுபோக முடியாது. மூத்தவர்களை எல்லாம் பிடித்துத் தீர்த்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரே குறுகிய தவணை. ஒரே நாளில் விதைத்து ஒரே மழையை நம்பும் விவசாயம் அது.

தாழம்பூ | புதன், காலை 7.30

நான் இருப்பது கலிஃபோர்னியாக் கரையில். வேலை கணினியோடு, வார இறுதி மட்டும் கடலோடு. இரண்டு பேரும் கோட்டைத் தப்பான இடத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தாய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிக்க முடியாது. தாயும் அந்தத் தண்ணீரில்தானே குடியிருக்கிறாள்.

காதுக்கல்லில் ஆண்டு வளையம் மட்டும் இல்லை. குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒரு வளையமும் விழும். அதற்கும் உள்ளே, நடுவில் ஒரு கரு உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவானது. அந்தக் கரு பெரிதாக இருந்தால் குஞ்சு பிறக்கும்போதே கொழுத்த குஞ்சு. ஆக, மணல் துகள் அளவுக் கல் ஒன்றில் தாய் கொடுத்த சீரும் அதன் பிறகு கடல் கொடுத்த சாப்பாடும் அடுத்தடுத்து எழுதியிருக்கின்றன. நுண்ணோக்கியில் ஒரு முறை எட்டிப் பார்த்தேன்; நடுவில் கருத்த பொட்டு, சுற்றிலும் மயிரிழை மயிரிழையாக வட்டங்கள், ஓரிடத்தில் வட்டங்கள் நெருங்கி இறுகியிருந்தன. அந்த வாரம் அதற்குச் சரியான சாப்பாடு இல்லை என்று அருகில் இருந்தவர் சொன்னார். குஞ்சின் நாட்குறிப்பைத் திருட்டுத்தனமாகப் படித்ததுபோல இருந்தது.

இங்கே கரையோரம் ஆழத்தில் வந்து சேரும் தண்ணீர் இரண்டு வகை. வடக்கிலிருந்து வருவது குளிர்ந்தது, உயிர்வளி நிறைந்தது. தெற்கிலிருந்து, நிலநடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து அடிநீரோட்டத்தில் வருவது சூடு, உப்பு, உயிர்வளி குறைவு. எந்த ஆண்டில் வடக்குத் தண்ணீர் ஓங்கியிருக்கிறதோ அந்த ஆண்டில் ராக்ஃபிஷ் குஞ்சு அதிகம். கவனியுங்கள், அந்தத் தண்ணீர் கிடப்பது ஆழத்தில். குஞ்சு வாழ்வது மேல்மட்டத்தில். ஆழத்தில் சினையோடு இருப்பது தாய்.

இதை வைத்துப் பார்த்தால் ஒரு புதிர் அவிழ்கிறது. 2014 முதல் 2016 வரை இந்தக் கடலில் பயங்கரமான வெப்ப அலை. கடற்பறவைகளும் கடற்சிங்கக் குட்டிகளும் செத்து ஒதுங்கின. ராக்ஃபிஷ் குஞ்சும் தொலைந்தது என்றுதான் நினைப்போம். ஆனால் மத்திய கலிஃபோர்னியாவில் 1983 முதல் ஆண்டுதோறும் நடக்கும் இழுவலைக் கணக்கெடுப்பில் அந்த ஆண்டுகளில் குஞ்சுகள் குவிந்தன. சொல்லப்படும் விளக்கம்: மேலே கொதித்தாலும் தாய்கள் இருந்த ஆழத்தில் வடக்குத் தண்ணீர்தான் இருந்தது.

கரைவலை | புதன், காலை 8.15

அம்மா, இது எங்களுக்குப் புரிகிற பேச்சு. மேல்தண்ணீர் ஒரு பக்கம் போகும், அடித்தண்ணீர் இன்னொரு பக்கம் இழுக்கும். வலை போட்டவனுக்குத் தெரியும். கரையில் நின்று பார்ப்பவர்தான் கடலை ஒரே தண்ணீராக நினைப்பார்.

சந்தேகி | புதன், காலை 9.02

தாழம்பூ சொன்னது யோசிக்க வைக்கிறது. ஆனாலும் இது பொருத்தம்தான், நிரூபணம் அல்ல. குளிர்ந்த தண்ணீர் வரும் ஆண்டில் இரையும்தான் நன்றாக இருக்கும். தாய் வழியாகத்தான் வந்தது என்று எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்? தாய் வழியாக மட்டுமே வந்த ஒரு கேடு, கடலிலிருந்து கிளம்பி வந்தது, கையில் பிடித்துக் காட்டக்கூடியது, அப்படி ஒன்று இருந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

தாழம்பூ | புதன், இரவு 8.48

இருக்கிறது. இதே கலிஃபோர்னியாவில், 2020 ஜனவரியில்.

சக்ரமெண்டோ ஆற்றுப் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகங்களில் சினூக் சால்மன் குஞ்சுகள் திடீரென்று தலைசுற்றியதுபோலத் திருகித் திருகி நீந்த ஆரம்பித்தன. சில அடியில் ஒருக்களித்துப் படுத்தன. பிறகு சாவு. பொரிப்பகத் தண்ணீரோ ஆற்றின் நன்னீர். இந்தக் குஞ்சுகள் கடலைக் கண்டதே இல்லை. நோய்க்கிருமி தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் தயமின், அதாவது வைட்டமின் பி1, கலந்த தண்ணீரில் குஞ்சுகளை முக்கி எடுத்தார்கள். சில மணி நேரத்தில் செத்துக்கொண்டிருந்தவை எழுந்து நேராக நீந்தின.

காரணம், கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பிய தாய். அந்த ஆண்டுகளில் கலிஃபோர்னியாக் கடலில் நெத்திலி பெருகிக் கிடந்தது, மற்ற இரைகள் குறைந்திருந்தன. கலவையாகச் சாப்பிடும் சால்மன் ஏறத்தாழ நெத்திலியையே தின்று வளர்ந்தது. நெத்திலியின் உடலில் தயமினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. தாய் வெளிப்பார்வைக்குக் கொழுகொழுவென்றுதான் இருந்தாள். ஆற்றில் ஏறினாள், சரியான எண்ணிக்கையில் முட்டை இட்டாள். ஆனால் முட்டைக்குள் போதிய தயமின் இல்லை. அதன் பிறகு பொரிப்பகங்களில் தாய்மீனுக்கே ஊசி போட ஆரம்பித்தார்கள்.

சந்தேகி ஐயா, நீங்கள் கேட்டபடியே: கடலில் கிளம்பியது, தாய் வழியாக மட்டுமே வந்தது, ஒரு வாளி வைட்டமின் தண்ணீரில் பிடிபட்டது.

குளத்தங்கரை | புதன், இரவு 9.10

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நேற்றுதான் வீட்டில் நெத்திலி வறுவல். எங்களுக்கும் தலைசுற்றுமா?

தாழம்பூ | புதன், இரவு 9.26

தாராளமாகச் சாப்பிடுங்கள். அந்த நொதி சூட்டில் செத்துவிடும். சால்மனுக்கு அடுப்பு இல்லை, அதுதான் அதன் கஷ்டம்.

பி1 குறைந்தால் மனிதருக்கு வருவது பெரிபெரி. தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பியிருந்த ஊர்களில் அது பரவியபோது, புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நெல் அவித்த பாட்டிமாருக்கு நொதியும் தெரியாது, தயமினும் தெரியாது.

பொரிப்பகத்தான் | வியாழன், அதிகாலை 4.55

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த நெத்திலிக் கதைக்குப் பிறகு தூக்கம் போய்விட்டது, எழுதிவிடுகிறேன்.

கொடுவாக் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்கிறேன். எங்கே என்று வேண்டாம். கொடுவா இரவில் முட்டையிடும், பதினைந்து பதினெட்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். புதுக் குஞ்சைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து விளக்கில் காட்டினால் கண்ணாடிச் சிராய் மாதிரி இருக்கும். மஞ்சள்கருப் பையின் முன்பக்கம் ஒரே ஓர் எண்ணெய்த் துளி. அது மிதப்பதால் குஞ்சு படுக்கையாக நிற்காது, தலை மேலாகச் சாய்ந்து தொங்கும். நீந்துவது என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படியே தொங்கியபடி கட்டுச்சோற்றைத் தின்றுகொண்டிருக்கும். இரண்டு நாளில் வாய் திறக்கும். அப்போது ரோட்டிஃபர் என்ற நுண்ணிய இரை உயிர் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி காலி.

ஒரு பருவத்தில் எங்களுக்கு வரிசையாக மூன்றாம் நாள் சாவு. முட்டை எண்ணிக்கை நன்றாக இருந்தது, பொரிப்பும் நன்றாக இருந்தது, ரோட்டிஃபரும் இருந்தது. குஞ்சு அதைத் தொடவே இல்லை. தண்ணீரைச் சந்தேகப்பட்டு வடிகட்டியை மாற்றினோம், உப்பளவை மாற்றினோம், குழாய் முழுவதையும் கழற்றிக் கழுவினோம். தாய்மீன் தொட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பருவத்தில் செலவைக் குறைக்க அவற்றுக்கு உறைய வைத்த சாளை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தோம். சாளை குடும்பத்திலும் அந்த நொதி உள்ள மீன்கள் உண்டு என்று இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த பருவம் கணவாயும் வைட்டமின் கலவையும் சேர்த்தோம், சாவு குறைந்தது. ஆனால் வடிகட்டியும் புதிதுதானே! எதனால் குறைந்தது என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

நெய்தல் தம்பிக்கு ஒரு திருத்தம். பெரிய மீன் என்றாலே தாய் என்று எழுதுகிறீர்கள். கொடுவாவுக்கு அது சரி. கொடுவா ஆணாகத் தொடங்கிப் பெரிதான பிறகு பெண்ணாகும், ஆகவே பெரிய கொடுவா ஏறத்தாழ எல்லாமே தாய். களவாவில் தலைகீழ்: பெண்ணாகத் தொடங்கி ஆணாகும். அங்கே பெரியதை விட்டுவைத்தால் நீங்கள் காப்பாற்றுவது தகப்பனை. அவனும் வேண்டும்தான், ஆனால் எண்ணெய்த் துளி அவன் கணக்கில் வராது.

சந்தேகி | வியாழன், காலை 10.17

சால்மன் விஷயத்தில் தோற்றேன், சந்தோஷமாகவே. வாளி வைத்தியத்துக்கு மேல் சாட்சி கேட்க முடியாது.

இனி என் கவலை வேறு. பெரிய தாயை விட்டுவையுங்கள் என்று சொல்வது சுலபம். எண்ணிக்கையும் அதைத்தான் சொல்கிறது: 2018இல் வந்த ஓர் ஆய்வின்படி 30 கிலோ காட் மீன் ஒன்று, 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடுகிறது. எடையைக் கூட்டிப் பாருங்கள், அந்த 28 மீனும் 56 கிலோ! ஆக, டன் கணக்கில் இருப்பைச் சொல்லும் அறிக்கைகள் எல்லாம் சிறிய மீனின் ஒரு கிலோவையும் பெரிய மீனின் ஒரு கிலோவையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருக்கின்றன. நம் சட்டங்களோ குறைந்தபட்ச அளவைப் பற்றித்தான் பேசும்: சின்னதை விடு, பெரியதைப் பிடி.

ஆனால் பிடித்துவிட்டுத் திருப்பி விடுவதில் ராக்ஃபிஷுக்கு ஒரு சிக்கல். அதன் காற்றுப்பைக்குத் திறப்பு இல்லை. ஆழத்திலிருந்து மேலே இழுத்தால் காற்று விரிந்து கண் பிதுங்கும், இரைப்பை வாய்க்குள் தள்ளிக்கொண்டு வரும். நல்ல மனத்தோடு கடலில் வீசினாலும் பந்துபோல மிதந்து பறவைக்குத்தான் இரையாகும். எடை கட்டிய கொக்கியில் தாடையைப் பிடித்து மறுபடி ஆழத்தில் இறக்கி விட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. தூண்டில்காரர்களுக்குச் சரி, இழுவலைக்கு இது ஆகுமா? அங்கே ஒரே வழி, சில இடங்களில் வலையே போடாமல் இருப்பது. கலிஃபோர்னியாவில் 2000களின் தொடக்கத்தில் பெரிய பரப்புகளை அப்படி மூடினார்கள். பொக்காச்சியோ என்ற ராக்ஃபிஷ் 2017இல் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பிடிப்பு அளவையும் கடுமையாகக் குறைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெய்தல் பழிதீர்ப்பார்.

கரைவலை | வியாழன், மதியம் 1.40

மூடுவது என்றதும் எங்கள் வயிறு கலங்கும், தெரியுமா? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கு என்று சொல்கிறார்கள், ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் எல்லா மீனும் அந்த 61 நாளில்தான் குஞ்சு பொரிக்குமா? தடை முடிந்த முதல் நாள் படகுகள் எல்லாம் ஒன்றாகப் பாயும்போது, காப்பாற்றிய தாயை ஒரே வாரத்தில் அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறோம். இதை எங்கள் ஆள்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள், அதனால் இங்கே சொல்கிறேன்.

மத்தியையும் பாருங்கள். கேரளத்தில் 2012இல் நான்கு லட்சம் டன்னை நெருங்கியது, 2021இல் 3,500 டன்னைக்கூடத் தொடவில்லை. வலைதான் காரணம் என்றால் மறுபடி எப்படி வருகிறது? தண்ணீர்தான் காரணம் என்றால் வலைக்குப் பாவமே இல்லையா?

நெய்தல் | வியாழன், மாலை 6.05

அண்ணா, மத்திக்கு என் கட்சி பலவீனம், முன்பே ஒப்புக்கொள்கிறேன். அது இரண்டு மூன்று ஆண்டு வாழும் மீன். அதில் ‘மூத்த தாய்’ என்று ஒருத்தியைத் தேடுவது வீண். தென்மேற்குப் பருவக்காற்றில் அடிநீர் மேலே வந்து நுண்பாசி பூத்தால் கூட்டம் பெருகும், பொய்த்தால் சுருங்கும். அங்கே கடலின் கைதான் மேலே. ஆனால் அத்தகைய மோசமான ஆண்டில் மிச்சம் இருக்கும் தாய்களையும் அள்ளிவிட்டால், நல்ல தண்ணீர் வரும்போது முட்டையிட யார் இருப்பார்கள்? வலையின் பாவம் அந்த இடத்தில் வருகிறது.

50 வயது வாழும் மீனுக்கு வேறு நியாயம். பத்து ஆண்டு தொடர்ந்து தண்ணீர் சரியில்லாவிட்டாலும் காத்திருந்து, நல்ல ஆண்டு வரும்போது குஞ்சு விட அங்கே மூத்தவர்கள் இருக்க வேண்டும்.

பொரிப்பகத்தான் அண்ணா, எண்ணெய்த் துளியை அளந்து பார்க்க முடியுமா உங்களால்? சாளை மட்டும் தின்ற தாய்க்கும் கலவை தின்ற தாய்க்கும்?

பொரிப்பகத்தான் | வெள்ளி, அதிகாலை 3.20

நுண்ணோக்கி இருக்கிறது, அளவுகோல் போட்ட கண்வில்லையும் இருக்கிறது. சாளை மட்டும் கொடுக்க முதலாளி இனி ஒத்துக்கொள்ள மாட்டார், நானும் கேட்க மாட்டேன். ஆனால் இரண்டு தொட்டியில் வெவ்வேறு வயதுத் தாய்கள் இருக்கின்றன, தீனி ஒன்றுதான். இளையவை நள்ளிரவுக்குச் சற்று முன் முட்டையிட்டன. மூத்தவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

முட்டை வந்ததும் இரண்டிலிருந்தும் ஐம்பது ஐம்பது எடுத்து அளக்கிறேன். இப்போது ரோட்டிஃபர் தொட்டிக்குப் பாசி ஊற்ற வேண்டும், நேரமாகிவிட்டது.